சபைக் கூட்டம் போனில் வந்தால் நமக்கு என்ன லாபம்?

(தோட்ட மக்கள் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பேசப்போவது பிரதேச சபைக் கூட்டத்தைப் பற்றி. "அது மெம்பர்மார் விஷயம், நமக்கென்ன?" என்று இருந்துவிடக் கூடாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். ஆகவே நம்ம லயத்துப் பாதையும் இப்போது அந்தக் கூட்டத்தில் பேசக்கூடிய விஷயம்தான்.

அந்தக் கூட்டத்தை இணையம் வழியாக, போனில் பார்க்கிற மாதிரி நடத்த அனுமதிக்கலாமா? இதற்கு வன்னியை எடுத்துப் பார்ப்போம். 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு நம்ம ஆட்கள் நிறையப் பேர் போய்க் குடியேறிய மண் அது.

அங்கே சபைகள் பெரிசு, ஊர்கள் தூரம். தர்மபுரத்து ஆட்கள் கரைச்சிப் பிரதேச சபைக் கூட்டத்துக்குக் கிளிநொச்சிக்கு வரணும். கொக்கிளாய் ஆட்கள் கரைத்துறைப்பற்றுச் சபைக்கு முல்லைத்தீவு வரைக்கும் போகணும். கூலி வேலை செய்கிறவருக்கு பஸ் காசும் போகும், அன்றைய சம்பளமும் போகும். நம்ம பாஷையில் சொன்னால், ஒரு பேர் போச்சு.

அந்தச் சபைகளும் லேசில் கிடைத்தவை அல்ல. யுத்தம் முடிந்து 2011இல் கிளிநொச்சியில் தேர்தல் நடந்தும், கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு மக்கள் 2018 வரை காத்திருந்தார்கள். 2023 மார்ச்சில் நாட்டின் சபைகளுடைய காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே ஓடியது. இவ்வளவு காத்திருந்து பெற்ற சபையில் என்ன பேசுறாங்க என்று கேட்க முடியாவிட்டால், வாக்குப் போட்டும் அரைப் பயன்தான்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று. கொவிட் காலத்தில், 2020இல், இங்கிலாந்தில் உள்ளூராட்சிச் சபைகள் இணையத்தில் கூடத் தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். அது 2021 மே 7ஆம் திகதி முடிந்தது. பழைய சட்டப்படி கூட்டம் என்றால் ஓரிடத்தில் நேரில் கூடுவதுதான் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பக்கத்து வேல்ஸில் அதே 2021இல் நிரந்தரச் சட்டமே கொண்டுவந்தார்கள். பாடம் என்ன? வெறும் வசதிக்காகச் செய்தால் நிற்காது. சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. 2020, 2021இல் பிள்ளைகளின் படிப்புக்காக மலை உச்சியில் ஏறி சிக்னல் தேடியதை நாம் மறக்கவில்லை. வீட்டுக்கு ஒரு போன், அதற்கும் டேட்டா போடக் காசு வேணும். இன்னொன்று: மண்டபத்தில் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தாலே மெம்பர்மார் யோசித்துப் பேசுவார்கள். போனில் யார் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. கூட்டத்தை முழுக்கப் போனுக்கு மாற்றினால், தூரத்து ஆளுக்குக் கதவு திறக்கும். போன் இல்லாதவருக்கு இருந்த கதவும் மூடும்.

ஆகவே என் கருத்து இது. அனுமதி கொடுக்கட்டும், நான்கு நிபந்தனையோடு.

ஒன்று, மண்டபக் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு ஊரிலும் வாசிகசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ எல்லோரும் சேர்ந்து பார்க்கத் திரை வைக்க வேண்டும். மூன்று, என்ன பேசப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே தமிழில் ஒட்ட வேண்டும். நான்கு, லைன் அறுந்துபோனால், அது திரும்ப வரும் வரைக்கும் எந்தத் தீர்மானமும் எடுக்கக் கூடாது.

சட்டம் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். அடுத்த கூட்டத் திகதியை உங்கள் மெம்பரிடம் கேளுங்கள். டிவிஷனுக்கு இரண்டு பேர் முறை வைத்துப் போய் வாருங்கள். அவர்களுடைய பஸ் காசை மற்றவர்கள் சேர்ந்து கொடுங்கள். கூட்ட அறிக்கை வேண்டுமானால் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். வன்னியில் இருக்கும் சொந்தங்களிடமும் இதைச் சொல்லுங்கள்.