அச்சமும் தந்திக் குரலும்: ‘பிசாசு’ திரைப்படத்தின் பின்னணி இசை
(நெல்லிவாசல்நாட்டில் நடைபெற்ற இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சவ்வாது மலைமேல் அமைந்த புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று நாடுகளுள் ஒன்றில் இன்று இந்த அவை கூடியிருக்கிறது. இரவு வந்துவிட்டால் மலையில் கண்ணின் ஆட்சி முடிந்து செவியின் ஆட்சி தொடங்கும் என்பதை இவ்வூர் மக்களுக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சருகு அசைந்தால் அது காற்றா, விலங்கா, ஆளா என்பதைச் செவியே முதலில் ஆராய்கிறது. திரையரங்கின் இருளிலும் நிகழ்வது இதுவே. ஆகவே, அச்சந்தரும் திரைப்படமொன்றின் பின்னணி இசையை ஆராய்வதற்கு மலை பொருத்தமான இடமே.

ஆய்வுக்குரிய படம், மிஷ்கின் இயக்கத்தில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிசாசு’. இயக்குநர் பாலா தயாரித்த அப்படத்திற்கு இசையமைத்தவர் அரோல் கரோலி. தந்திக் கருவிகளை முதன்மையாகக் கொண்ட இசை அது.

அச்சம் பற்றித் தொல்காப்பியர் வகுத்த இலக்கணத்தை முதலில் நினைவுகூர்வது நலம். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கின் பொருட்டுத் தோன்றும் என்பது மெய்ப்பாட்டியல் கூறும் செய்தி. இந்நான்கையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அணங்கு கண்ணுக்குத் தெரியாதது. விலங்கு மறைந்து வருவது. கள்வர் இருளில் வருபவர். இறையின் சினமோ எப்பொழுது பாயும் என்று அறிய முடியாதது. எங்கிருந்து, எப்பொழுது என்று அறிய இயலாமையே நான்கிற்கும் பொதுவான கூறு எனலாம்.

இந்த அறியாமையை ஒலியாக மாற்றுவதற்கு வயலின் குடும்பத்துக் கருவிகள் மிகவும் ஏற்றவை. வீணையில் மீட்டிய ஒலி சிறிது சிறிதாகத் தேய்ந்து அடங்கும். வில்லால் இழைக்கப்படும் ஒலியோ இசைப்பவர் விரும்பும் வரை தேயாமல் நிற்கும். முடியாமல் நிற்கும் ஒலி, கேட்பவரை அதன் முடிவுக்காகக் காத்திருக்கச் செய்கிறது. அந்தக் காத்திருப்பே திகில். 1960ஆம் ஆண்டு வெளிவந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்திற்குப் பெர்னார்டு ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டுமே கொண்டு இசையமைத்தார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று முதலில் கருதிய ஹிட்ச்காக், ஹெர்மன் அமைத்த இசையைக் கேட்டபின் மனம் மாறினார். அன்று தொட்டு, உச்ச ஒலியில் கிறீச்சிடும் வயலின் உலகத் திரைப்படத்தில் அச்சத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அச்ச இசை யாரைச் சுட்டிக்காட்டுகிறது? இந்த மலையில் எழுப்பப்பட வேண்டிய வினா இது. 1933ஆம் ஆண்டின் ‘கிங் காங்’ படத்தில், நியூயார்க் நகரத்துத் தொடக்கக் காட்சிகளுக்கு மாக்ஸ் ஸ்டெய்னர் பின்னணி இசை அமைக்கவில்லை. கப்பல் மூடுபனியில் புகுந்து அறியாத தீவை நெருங்கும்பொழுதே இசை எழுகிறது. அதனோடு தீவு மக்களின் முரசொலியும் கலந்து வருகிறது. நகரத்திற்கு அச்சமில்லை, முரசு முழக்கும் மக்களின் நிலத்திற்கே அச்சம் உரியது என்று இசை தீர்ப்பு வழங்கிவிடுகிறது. பின்வந்த எத்தனையோ படங்கள், காடும் மலையும் திரையில் தோன்றியவுடன் முழவொலியை அச்சக் குறியாக வைத்தன. திருவிழாவில் கூடி ஆடுவதற்கு முழக்கப்படும் பறை, திரையில் மட்டும் தீங்கின் முன்னறிவிப்பாக மாறிவிடுகிறது. மலைவாழ் மக்களுக்கு இசையின் வழியாக இழைக்கப்பட்ட அநீதி இது என்பதில் ஐயமில்லை.

இந்த அநீதிக்குத் தமிழில் மிகப் பழைய மறுமொழி ஒன்று உண்டு. அதுதான் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். சவ்வாது மலையில் பிறக்கும் சேயாற்றையும், மலையடிவாரத்துச் செங்கத்தையும் தன்னகத்தே கொண்ட நன்னனது நாட்டைப் பாடும் நூல் அது. மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கண்டது அதன் பெயர். முழவும் ஆகுளியும் யானையின் பெருமூச்சைப் போல ஒலிக்கும் தூம்பும் பிறவுமாக ஓர் இசைக்குழுவின் கருவிகள் அதன் தொடக்கத்திலேயே அணிவகுக்கின்றன. அக்கருவிகளைச் சுமந்து மலைவழியே செல்லவிருக்கும் கூத்தர்க்கு, முன்பே சென்று பரிசில் பெற்று மீண்ட ஒருவன் வழி கூறுகிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எவ்வழி வரும் என்று அஞ்சத் தக்கவற்றை எடுத்துரைத்தபின், மலையில் கேட்கும் ஓசைகளையும் ஒவ்வொன்றாக விளக்குகிறான். புலி பாய்ந்த கணவனின் புண் ஆறப் பாடும் பெண்ணின் பாட்டு உண்டு. பிடியானையின் கதறல் உண்டு. பாறைப் பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் பூசல் உண்டு.

இவ்வோசைகளை இருளில், காரணம் அறியாமல் கேட்டால் உடல் நடுங்கும். காரணம் அறிந்து கேட்டால் உள்ளம் உருகும். ஓசை மாறவில்லை, கேட்பவனின் அறிவே மாறியது. தொல்காப்பியர் மொழியில் சொல்வதாயின், அச்சம் இழவின் வழிப்பட்ட அழுகையாக மாறிவிட்டது.

‘பிசாசு’ படத்தின் இசை தனிச்சிறப்புப் பெறுவது இவ்விடத்தில்தான். அதன் நாயகன் ஒரு வயலின் கலைஞன். விபத்தில் அடிபட்ட பெண்ணொருத்தியை அவன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல, அவன் கையைப் பற்றியபடியே அவள் உயிர் துறக்கிறாள். பின்னர் அவன் வீட்டில் அவள் ஆவி உலவத் தொடங்குகிறது. தன் தாய்க்கு நேர்ந்த துன்பத்திற்கும் அவ்வாவியே காரணம் என்று அவன் எண்ணுகிறான். தாயைக் காத்ததே அதுதான் என்பது பின்னரே தெரியவருகிறது. அவள் சாவுக்குக் காரணமானவனைத் தேடி அலைபவன், இறுதியில் அந்தக் குற்றவாளி தானே என்று உணர்கிறான். திகிலூட்டும் தந்திக் கருவியும் நாயகன் தோளில் தாங்கிய கருவியும் ஒன்றே. அச்சத்தின் குரல் வேறொரு தீவிலிருந்தோ வேறொரு மலையிலிருந்தோ வரவில்லை. அஞ்சுபவனின் கையிலேயே அது இருக்கிறது. படத்தின் முற்பகுதியில் நடுக்கம் தந்த தந்திக் குரல், பிற்பகுதியில் இரங்கலாகக் கேட்பதற்கு இதுவே காரணம். வழி கூறிய கூத்தனைப் போலக் கதையும் ஓசையின் காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

இப்படத்தில் இடம்பெறும் ஒரே பாடலை எழுதியவர் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன். சுரங்கப்பாதையில் பார்வையற்ற சிறுமி ஒருத்தி பாடுவதாக அக்காட்சி அமைந்துள்ளது. பேய்ப்படம் ஒன்றின் நடுவே, கண்ணால் அன்றிச் செவியாலேயே உலகை அறிபவள் பாடுகிறாள். அவளிடம் அச்சம் இல்லை. செவி அச்சத்தின் வாயில் மட்டுமன்று, அன்பின் வாயிலும் ஆகும் என்பதை அக்காட்சி உணர்த்துகிறது.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவை இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. ‘பயங்கரம்’, ‘கொடூரம்’ என்று சொல்லடுக்கி எழுதும் கவிதை, ஓயாமல் முரசறையும் பின்னணி இசையைப் போன்றது. அது படிப்பவரை மிரட்டும், அறியச் செய்யாது. நல்ல கவிதையோ ஓசையை முதலில் தருகிறது. காரணத்தைச் சற்றே தாழ்த்துகிறது. பின்னர் அதை வெளிப்படுத்தி, அஞ்சியவரே இரங்கும்படி செய்கிறது. யார் மீது அச்சத்தைச் சுமத்துகிறோம் என்ற பொறுப்பு இசையமைப்பாளருக்கு உள்ளதுபோலவே கவிஞருக்கும் உண்டு.

இன்றிரவு இம்மலையின் ஏதேனும் ஓர் ஊரிலிருந்து முழவொலி எழுந்து வரக்கூடும். அங்கே விழாவா, திருமணமா, சாவா என்று கேட்டறிவதே மலைபடுகடாம் கற்றவர்க்கு அழகு.