நம் ஊர்ப் பெயரில் உள்ள சொல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அது நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது: கிராண்ட்பாஸ்.

போர்த்துக்கீசர் களனி கங்கையைக் கடக்கும் துறையைப் 'பெரிய கடவை' என்ற பொருளில் 'கிராந்தே பாஸோ' என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் அது கிராண்ட்பாஸ் ஆயிற்று. 1822இல் படகுகளை வரிசையாகப் பிணைத்து ஆற்றுக்குப் பாலம் அமைத்தார்கள்; பின்பு விக்டோரியா பாலம் வந்தது. ஆகவே நம் மண்ணில் இந்தச் சொல்லின் முதற்பொருள் ஆறு கடத்தல்.

பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற பொருள்கள் வேறு. வலைப்பந்துத் திடலில் "பாஸ் பண்ணு!" என்றால் பந்தைக் கொடு. வகுப்பில் துண்டுக் கடதாசி கைமாறினால் அதுவும் பாஸ். பிடிபட்டால் வாசலில் நிற்க வேண்டும். காலைக் கூட்டத்தில் வெயில் தாங்காமல் ஒருத்தி மயங்கி விழுந்தால் 'பாஸ் அவுட்'. அவளே பின்னாளில் தாதியர் பயிற்சியை முடித்து வந்தாலும் 'பாஸ் அவுட்'தான்! பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது 'பாஸ் த பக்'. சங்கத்துக்குச் செயலாளர் தேடும் நாளில் அதன் முழுப்பொருளும் விளங்கும்.

தமிழும் சளைத்ததல்ல. பாஸ்போர்ட் நமக்குக் கடவுச்சீட்டு. வீதியைக் கடக்கும் இடம் பாதசாரிக் கடவை. ஒருவர் காலமானால் ஆங்கிலத்தில் 'பாஸ்ட் அவே' என்பார்கள்; நாம் 'இறந்தார்' என்கிறோம். பழந்தமிழில் இறத்தல் என்றால் கடத்தல் என்றும் பொருள். இரண்டு மொழியும் ஒன்றையே சொல்கின்றன.

தொண்ணூறுகளில் இச்சொல் வேறு முகம் காட்டியது. வடக்கிலிருந்து கொழும்புக்கு வர வவுனியாவில் 'பாஸ்' எடுக்க வேண்டும். மாமி எப்போது வருவா என்று கேட்டால், "இன்னும் பாஸ் கிடைக்கேல்லையாம்" என்பதே பதில். அதே மேசையில் இருந்துதான் நாம் ஓ.எல். பாஸ் பண்ணப் படித்தோம்.

நம்மை அதிகம் ஆட்டிப்படைத்தது அந்தப் பொருள்தான். பெறுபேறு வந்த அன்று பாஸ் ஆனவர்கள் கட்டிப்பிடித்து அழுதோம். மற்றவர்கள் சத்தமில்லாமல் கேட்டைத் தாண்டிப் போனார்கள். நாம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களில் சிலர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார்கள். சிலர் மத்திய கிழக்கில் உழைத்து வீடு கட்டினார்கள்.

விழா அழைப்பிதழுக்காகப் பழைய தோழியரைத் தேடியபோது ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்: "நான் பாஸ் பண்ணாத பிள்ளை. என்னைச் சங்கத்தில சேர்ப்பீங்களா?"

நமக்குத் தொண்டை அடைத்தது. சங்க விதிகளில் பாஸ் என்ற சொல்லே இல்லை. இங்கே படித்திருந்தால் போதும். ஆனால் இத்தனை ஆண்டுகளாக யாரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை. தவறு நம்முடையது.

இங்கே இருப்பவர்களும், லண்டனிலோ டொரொன்டோவிலோ வத்தளையிலோ மலரில் இதை வாசிக்கப்போகிறவர்களும் ஒன்று செய்யுங்கள். உங்களுக்குப் பக்கத்து வாங்கில் இருந்து, பிறகு காணாமற்போன ஒருத்தியின் இலக்கத்தைத் தேடி எடுங்கள். அவளோடு பேசுங்கள். வாசித்து முடித்ததும் இந்த மலரை அவளுக்குப் பாஸ் பண்ணுங்கள்.