கடற்படமும் காலமும்

செஞ்சியில் வாழும் ஒருவன் கடலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இராஜகிரியின் உச்சியில் ஏறி நின்றால் எங்கள் கண்ணுக்குத் தெரிவன கரும்பாறைக் குன்றுகளும் வயல்களும் ஏரிகளுமே. கடலோ கிழக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. எனினும் எங்கள் ஊருக்கும் கடலுக்கும் பழைய உறவு உண்டு. செஞ்சிக் கோட்டையைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்த மராட்டிய அரசர் இராஜாராம், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக் கோட்டையை 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். அதுவே பின்னர்ப் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. மற்றோர் உறவும் உண்டு. அதைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

நான் ஆசிரியனாகப் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பழைய தேசப்படம் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் செஞ்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ஆம் ஆண்டில் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் தோன்றிய பின்னரும் அப்படம் அங்கேயே தொங்கியது. ஒரு நாள் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, படத்தில் வேறொன்று இருக்கிறது. எதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தரையிலே பழைய படத்தை நம்பியவனுக்கு ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவே. கடலிலே பழைய படத்தை நம்பியவனுக்கு என்ன போகும்? அக்கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கப்பலோட்டுவோர் கையாளும் படத்தைக் கடற்படம் என்போம். நாம் பள்ளியிற் காணும் தேசப்படத்தில் நிலம் நிறைந்திருக்கும். கடல் வெறும் நீல நிறமாக இருக்கும். கடற்படத்திலோ கரையோரக் கோடு தவிர நிலத்தைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. கடற்பரப்பு முழுவதும் எண்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வோர் எண்ணும் அவ்விடத்து நீரின் ஆழத்தைக் குறிக்கும். கடல்நீர் மிகவும் வற்றி நிற்கும் வேளையில் இருக்கும் ஆழத்தையே அவ்வாறு குறிப்பர். அதற்கு மேல் ஏறும் நீர் கப்பலுக்கு ஆதாயம். மூழ்கிய பாறைகள், மணல் திட்டுகள், உடைந்து மூழ்கிய கப்பல்கள், மிதவைகள், கலங்கரை விளக்கங்கள், அவ்விளக்குகள் எத்தனை நொடிக்கு ஒரு முறை மின்னும் என்ற விவரம், இவையெல்லாம் தனித்தனிக் குறியீடுகளால் காட்டப்பெறும்.

சாலையில் செல்பவன் பள்ளத்தைக் கண்ணாற் கண்டு விலகுகிறான். மாலுமியோ தன் கப்பலுக்கு அடியில் இருப்பதைக் காண இயலாது. பெரிய சரக்குக் கப்பலின் அடிப்பாகம் நீர்மட்டத்திற்குக் கீழே பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் வரை இறங்கியிருக்கும். அவனுக்குக் கண்ணாக இருப்பது அந்தப் படமே. ஆகவே படத்தில் உள்ள எண் பொய்யானால், அவன் கண் திறந்திருந்தும் குருடனே.

எண் எவ்வாறு பொய்யாகும்? அளந்தவர் தவறாக அளந்திருக்கலாம். அன்றி, அவர் சரியாகவே அளந்திருந்தும் அதன் பின்னர்க் கடல் மாறியிருக்கலாம். இங்கேதான் செஞ்சியின் இரண்டாவது உறவு வருகிறது. எங்கள் பக்கத்துக் குன்றுகளில் பெய்யும் மழைநீரைத் திரட்டிச் செல்லும் சங்கராபரணி ஆறு, செஞ்சியாறு என்றே பெயர் பெற்றது. அது கிழக்கே ஓடிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலிற் கலக்கிறது. வெள்ளக் காலங்களில் இங்கிருந்து செல்லும் மண்ணும் மணலும் அங்கே கடலைச் சேர்கின்றன. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆற்று முகத்துவாரத்தில் ஒரு பருவத்தில் படகு செல்லும் வழி இருக்கும்; மறு பருவத்தில் அவ்விடம் மணல் மேடாகும். எங்கள் ஊர்ப் பாறை அசையாமல் நிற்கிறது. எங்கள் ஊர் மணலோ கடலின் ஆழத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது.

இயற்கையோடு மனிதனும் சேர்ந்து கடலை மாற்றுகிறான். சென்னைத் துறைமுகத்திற்கு 1875-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டினர். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவர்கள் வடக்கே சென்ற மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து, இன்று நாம் மாலையில் உலாவும் அகன்ற மெரினாக் கடற்கரை உருவாயிற்று. மணல் வரவு நின்ற வடபுறத்தில் இராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. துறைமுகம் கட்டுவதற்கு முன் வரைந்த படத்தை வைத்துக்கொண்டு அக்கரையை நெருங்குபவன் எதை நம்புவான்?

விளக்குகளும் இடம் மாறுகின்றன. சென்னையின் முதற் கலங்கரை விளக்கம் 1796-ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. 1844-இல் அது இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள கற்றூணுக்கு மாறியது. 1894-இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திற்கு ஏறியது. 1977-இல் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தெற்கே, மெரினாவில் எழுந்த புதிய கோபுரத்திற்குச் சென்றது. இரவில் விளக்கின் திசையைக் கணித்தே மாலுமி தான் நிற்கும் இடத்தை அறிகிறான். 1976-ஆம் ஆண்டுப் படத்தோடு 1978-இல் வந்தவன், மெரினா விளக்கை உயர்நீதிமன்ற விளக்காக எண்ணினால் தன் கப்பலின் இடத்தையே தவறாகக் கணிப்பான்.

சில வேளைகளில் மாறுதல் ஒரு நாளிலேயே நிகழ்ந்துவிடும். 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் பற்றி உங்கள் பெற்றோர் கூறக் கேட்டிருப்பீர்கள். நம் நாட்டின் தென்கோடியான பெரிய நிக்கோபார்த் தீவின் இந்திரா முனை அன்று நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்கு நிலத்தில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. வடக்கு அந்தமான் பகுதியிலோ தரை உயர்ந்து, நீருக்கடியில் இருந்த பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. ஒரு புறம் நிலம் தாழ, மறு புறம் உயர, அதுவரை மெய்யாக இருந்த படங்கள் அன்று காலையிலேயே பழையனவாயின. நம் கடற்படையின் அளவைக் கப்பல்கள் சென்று மீண்டும் அளக்க வேண்டியதாயிற்று.

பிழையான படத்தால் துன்புற்ற ஒருவரின் கதையை இப்போது கூறுகிறேன். 1786-ஆம் ஆண்டு மே மாதம் 'அட்லஸ்' என்ற கப்பல் பட்டேவியாவிலிருந்து இலங்கை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதில் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற இளைஞர் தலைமைத் துணை மாலுமியாக இருந்தார். அவர்களிடம் இருந்த படம் பிழையுடையது. இந்துமாக்கடலின் நடுவே உள்ள டீகோ கார்சியாத் தீவில் மோதிக் கப்பல் உடைந்தது. ஹார்ஸ்பர்க் உயிர் தப்பினார். தப்பியவர் விதியை நொந்துகொண்டு வீட்டில் அமரவில்லை. அதன் பின்னர்ச் சென்ற பயணந்தோறும் தாம் கண்ட ஆழம், நீரோட்டம், காற்று, பாறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே வந்தார். பல ஆண்டுகள் சேர்த்த குறிப்புகளைக் கொண்டு இந்தியக் கடல்களுக்கு வழிகாட்டும் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1810-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடலளவையாளராக உயர்ந்தார். சிங்கப்பூரின் கீழ்க்கடல் வாயிலில் 1851-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்கு முன்னர் அப்பதவியை வகித்த அலெக்சாண்டர் டால்ரிம்பிளுக்கும் நம் சென்னைக்கும் தொடர்புண்டு. அவர் 1753-இல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்த சிறுவர். பிற்காலத்தில், 1795-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் கடற்படையின் முதல் கடலளவையாளராக அவரே நியமனம் பெற்றார்.

இவையெல்லாம் பாய்மரக் காலத்துச் செய்திகள் என்று நீங்கள் எண்ணலாம். 2013-ஆம் ஆண்டு ஜனவரி 17 அன்று, 'கார்டியன்' என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பிலிப்பைன்சு நாட்டின் டுபட்டாகா பவளத்திட்டில் ஏறி நின்றுவிட்டது. அதில் இருந்த மின்னணுப் படம் அத்திட்டை மெய்யான இடத்திலிருந்து ஏறத்தாழ எட்டுக் கடல்மைல் தள்ளிக் காட்டியிருந்தது. மாலுமிகள் 79 பேரும் காப்பாற்றப்பட்டனர். கப்பலை மீட்க இயலாமல் அங்கேயே துண்டு துண்டாக வெட்டி எடுத்தனர். பாதுகாக்கப்பட்ட பவளத்திட்டும் சிதைந்தது. அத்திட்டைச் சரியான இடத்தில் காட்டிய வேறு படங்கள் அன்றும் உலகில் இருந்தன. மின்திரையில் ஒளிர்வதால் ஒரு செய்தி மெய்யாகிவிடாது.

கடற்படங்களைத் திருத்தும் பணி நம் நாட்டில் எங்கே நடைபெறுகிறது தெரியுமா? கடலுக்கு வெகுதொலைவில், இமயமலை அடிவாரத்து டேராடூன் நகரில் நடைபெறுகிறது. 1874-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றிய கடலளவைத் துறை, விடுதலைக்குப் பின் 1954-இல் டேராடூனுக்கு மாறியது. இன்று அது தேசிய நீரளவியல் அலுவலகம் எனப்படுகிறது. கடற்படையின் அளவைக் கப்பல்கள் அதற்காகக் கடலை அளக்கின்றன. 2024 பிப்ரவரி 3 அன்று விசாகப்பட்டினத்தில் பணியேற்ற 'சந்தாயக்' அவற்றுள் ஒன்று. முற்காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஓரிடத்திற்கு ஓர் ஆழமாக அளந்தனர். இரு அளவுகளுக்கு இடையே ஒரு பாறை ஒளிந்திருந்தால் அதை அறிய வழியில்லை. இன்று கப்பலின் அடியிலிருந்து ஒலியலைகளை விசிறி போலப் பரப்பி, எதிரொலி மீளும் நேரத்தைக் கணக்கிட்டு, கடலடியை அகலமாக அளக்கின்றனர்.

அளந்து கண்ட மாறுதல்களை மாலுமிகளுக்கான அறிவிப்பாக அவ்வலுவலகம் மாதம் இருமுறை வெளியிடுகிறது. காத்திருக்க இயலாத அவசரச் செய்திகள் வானொலி வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் கப்பல்களை அடைகின்றன. கப்பலிலே அதற்கெனப் பொறுப்பேற்ற அதிகாரி ஒருவர் இருப்பார். காகிதப் படமாயின் அவர் அறிவிப்பைப் படித்து, ஊதா நிற மையால் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதுவார். தற்காலிக மாறுதலைப் பென்சிலால் குறிப்பார். படத்தின் இடக் கீழ்மூலையில் ஆண்டையும் அறிவிப்பின் எண்ணையும் பதிவார். அம்மூலையைப் பார்த்தாலே அப்படம் எந்நாள் வரை திருத்தப்பட்டது என்பது விளங்கும். மின்னணுப் படமாயின் திருத்தங்கள் கோப்பாக வந்து சேரும். அவற்றை ஏற்றாவிட்டால் அதுவும் பழைய படமே. கப்பலில் உள்ள படங்கள் போதியனவாகவும் அன்றுவரை திருத்தப்பட்டனவாகவும் இருத்தல் வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையும் விதிக்கிறது.

இப்பணியில் கடலிற் செல்லும் அனைவருக்கும் பங்குண்டு. படத்தில் இல்லாத பாறையையோ அணைந்துபோன விளக்கையோ காணும் மாலுமி அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவன். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. அதுபோன்ற ஒரு பாலம் எழுந்தால், அதன் இடமும் அதன் கீழே கப்பல் செல்லக் கிடைக்கும் உயரமும் படத்தில் ஏற வேண்டும். யாரோ ஒருவர் அளந்து, யாரோ ஒருவர் எழுதி, யாரோ ஒருவர் ஊதா மையால் திருத்துகிறார். அவர்களின் பெயர் படத்தில் இராது. அவர்கள் திருத்திய ஓர் எண்ணால் காப்பாற்றப்பட்ட கப்பலில் இருந்தவர்களும், தாம் காப்பாற்றப்பட்டதை ஒருநாளும் அறியமாட்டார்கள்.

மாணவர்களே, அந்தப் பழைய தேசப்படத்தைப் பற்றிக் கேட்ட சிறுவனுக்கு நான் அன்று மறுமொழி கூறவில்லை. மறுநாள் அவனையே நாற்காலியின் மேல் ஏறச் சொன்னேன். சிறு காகிதத் துண்டில் 'விழுப்புரம் மாவட்டம், 1993' என்று எழுதி, படத்தின் மேல் ஒட்டச் செய்தேன். ஆண்டையும் எழுதுவது ஏன் என்று அவன் கேட்டான். "இதையும் ஒரு நாள் யாராவது திருத்த வேண்டியிருக்கும். அவருக்கு அது உதவும்" என்றேன்.

நீங்கள் படிக்கும் நூலிலும், நீங்கள் எழுதும் குறிப்பிலும், நீங்கள் பிறர்க்குக் கூறும் செய்தியிலும் இந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். இஃது எந்நாளைய செய்தி என்று கேளுங்கள். பிழை கண்டால் அதைத் திருத்துங்கள். திருத்திய நாளையும் குறியுங்கள். தாம் அறிந்தது பழையதாகியிருக்கலாம் என்று நினைவில் வைத்திருப்பவரே பிறருக்கு நம்பத்தக்க வழிகாட்டியாக இருக்க முடியும்.