தேர்வுக்கு முன் தொடக்கக் கணக்கு

தேர்வு நெருங்கியதும் கணக்கு நூலின் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுகிறீர்கள்? பெரும்பாலோர் கடைசிப் பக்கங்களையே புரட்டுவர். அண்மையில் நடந்த பாடம்தான் அச்சம் தருகிறது. ஆகவே அதையே திரும்பத் திரும்பப் பார்க்கின்றனர். நான் இன்று சொல்ல வந்தது அதற்கு எதிர்த்திசை. நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படித்து முடித்துவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருக்கும் கணக்கைத்தான் தேர்வுக்கு முன் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இது சிறுவர்க்கு உரிய பேச்சு என்று கல்லூரி மாணவர்கள் வானொலியை நிறுத்திவிட வேண்டா. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்கள் உள்ளன. அவற்றுள் 25 வினாக்கள் கணக்கையும் அறிவுத்திறனையும் சார்ந்தவை. பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்தவை. சுருக்குதல், சதவீதம், மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், வட்டி, பரப்பளவு, கன அளவு, நேரமும் வேலையும் என்று அதன் பாடத்திட்டம் செல்கிறது. இவற்றுள் பெரும்பகுதிக்கு நடுநிலைப் பள்ளியிலேயே கால்கோள் இட்டாயிற்று. ஆயினும் பட்டம் பெற்ற இளைஞர் பலர் இந்த 25 வினாக்களிலேயே தடுமாறக் காண்கிறோம்.

எட்டாம் வகுப்பு மாணவர்க்குத் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது; நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். எங்கள் வேடசந்தூர் வட்டாரத்தில் தந்தை நூற்பாலைக்கு இரவு ஷிப்டுக்குச் செல்வார். தாய் புகையிலைக் காட்டிலோ முருங்கைத் தோட்டத்திலோ கூலிக்கு நிற்பார். அத்தகைய வீட்டில் மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பதா, பத்தாம் வகுப்போடு ஆலைக்குப் போவதா என்ற பேச்சு எழும்பொழுது, அந்த 48,000 ரூபாய் ஒரு பக்கத்தில் கனமாக நிற்கும். ஆதலின் வகுத்தலில் விட்டுப்போன ஒரு சுன்னத்தைச் சிறு பிழை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சுன்னம் என்றேன், அதையே முதலில் பார்ப்போம். 1224ஐ 12ஆல் வகுக்க வேண்டும். உயர்நிலை வகுப்புகளில் இந்தக் கணக்கைப் பலமுறை கொடுத்துப் பார்த்திருக்கிறேன். விடை 12 என்று எழுதுவோர் எந்த ஆண்டிலும் இல்லாமற்போனதில்லை. 12இல் 12 ஒரு முறை, 1 எழுதுகிறார்கள். அடுத்த 2ஐ இறக்குகிறார்கள். 2இல் 12 போகாது. ஆகையால் ஈவில் ஒரு சுன்னம் எழுதிவிட்டு 4ஐ இறக்க வேண்டும். அந்தச் சுன்னத்தை விட்டுவிட்டு 24இல் 12 இரண்டு முறை என்று முடித்துவிடுகிறார்கள். சரியான விடை 102.

இந்த மாணவர்க்கு வகுத்தல் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்க்கு மறந்துபோனது இடமதிப்பு. 1224இல் 1200 இருக்கிறது. 1200இல் நூறு பன்னிரண்டுகள் இருக்கின்றன. ஆகவே விடை நூற்றுக்குக் குறையாது என்று ஒரு கணம் எண்ணியிருந்தால் பிழை தானே வெளிப்பட்டிருக்கும். மூன்றாம் வகுப்பில் ஒன்று, பத்து, நூறு என்று கட்டம் போட்டுப் படித்தது இதற்காகத்தான். அதே மறதி தசமத்திலும் வந்து நிற்கும். 0.5 பெரிதா, 0.45 பெரிதா என்று கேட்டால், 45 பெரிய எண் என்பதால் 0.45 என்று விடை சொல்வோர் உண்டு. அவரிடமே ஐம்பது காசு அதிகமா, நாற்பத்தைந்து காசு அதிகமா என்று கேளுங்கள்; சிரிப்பார்.

இனிப் பின்னத்துக்கு வருவோம். மாணவர் பலர் கணக்கை விட்டு விலகத் தொடங்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். பதினாறில் ஒன்றையும் இருபதில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே பதினாறும் இருபதும் முப்பத்தாறு, ஆக முப்பத்தாறில் இரண்டு என்று விடை வரும். முப்பத்தாறில் இரண்டு என்பது பதினெட்டில் ஒன்று. பதினெட்டில் ஒன்று பதினாறில் ஒன்றைவிடச் சிறியது அல்லவா? கையில் இருந்ததோடு ஒன்றைச் சேர்த்தோம். சேர்த்த பிறகு இருந்ததும் குறைந்துவிட்டது! இப்படி ஒரு கூட்டல் உலகில் உண்டா?

நம் முன்னோர் இந்தக் கணக்கை எவ்வாறு செய்தனர் என்பதைப் பாருங்கள். பழந்தமிழ்க் கணக்கில் பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர். வீசம் என்றும் சொல்வர். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இப்பொழுது 'மாகாணி' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மாவும் காணியும். ஒரு மா என்பது நான்கு காணி. அதனோடு ஒரு காணி சேர்ந்தால் ஐந்து காணி. எண்பதில் ஐந்து என்பது பதினாறில் ஒன்று. பெயருக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கும் அதன் விடையும் அடங்கியிருக்கின்றன! ஆகவே மாகாணியையும் மாவையும் கூட்டு என்றால், ஐந்து காணியும் நான்கு காணியும் ஒன்பது காணி. எண்பதில் ஒன்பது, அவ்வளவுதான்.

பதினாறுக்கும் இருபதுக்கும் மீச்சிறு பொது மடங்கு எண்பது என்று நாம் கரும்பலகையில் எழுதுகிறோமே, அதன் உட்பொருள் இதுதான். இரண்டையும் ஒரே அளவையாக்கிய பிறகே கூட்ட வேண்டும். இரண்டு படி நெல்லையும் மூன்று மரக்கால் நெல்லையும் சேர்த்து ஐந்து என்று எவரும் சொல்லார். மரக்காலுக்கு எட்டுப் படி. ஆகவே இருபத்தாறு படி என்பர். பின்னத்தின் கீழே நிற்கும் எண் அளவையின் பெயர்; மேலே நிற்பது அந்த அளவையில் எத்தனை என்பது. இவ்வளவு தெளிந்தால் கீழெண்களைக் கூட்டும் பிழை மீண்டும் வராது.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் இந்தப் பின்னங்களை முந்திரி முதற்கொண்டு மனப்பாடம் செய்தனர். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று சுவடிகள் வரிசையாக வரும். ஒருவன் முன்னே சொல்ல மற்றவர் சேர்ந்து சொல்வர். அந்த முறையில் மீள்பார்வை என்று தனியே ஒரு நாள் கிடையாது, நாள்தோறும் மீள்பார்வைதான். அதனை முழுவதும் புகழ்ந்துரைக்க நான் வரவில்லை. பொருளறியாது ஒப்பித்த பிள்ளைகளும், பிரம்புக்கு அஞ்சி ஓடிப்போன பிள்ளைகளும் அக்காலத்தில் உண்டு. பெண் குழந்தைகளுக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் குழந்தைகளுக்கும் அத்திண்ணைகளிற் பெரும்பாலும் இடமே இல்லை. ஆனாலும் வாய்பாடு நாவில் நிற்க வேண்டும் என்பதில் அவர்கள் கண்டிப்பாய் இருந்தார்களே, அது சரி. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் கணக்கின் கருத்தை எண்ண மனத்துக்கு ஓய்வேது?

அக்காலத் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான், மூத்த மாணவன், இளையோர்க்குப் பாடம் சொல்வான். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் தோன்றிய ஆண் அனாதைச் சிறுவர் பள்ளிக்குத் தலைமை தாங்கிய ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று. தேர்வுக்குப் படிப்போர் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒரு கணக்கை உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ வாய்விட்டு விளக்குங்கள். 'ஏன் அண்ணா?' என்று அந்தக் குழந்தை கேட்கும் இடத்தில் நீங்கள் நின்றுவிட்டால், திரும்பிப் படிக்க வேண்டிய இடம் அதுதான். இதற்கு ஆசிரியரும் வேண்டா, கட்டணமும் வேண்டா.

'எனக்குக் கணக்கே வராது' என்று சொல்லும் மாணவரை நான் நம்புவதில்லை. வாரச்சந்தையில் தாயோடு காய்கறி விற்கும் பிள்ளையைப் பாருங்கள். கிலோ 35 ரூபாய் வீதம் இரண்டரைக் கிலோவுக்கு 87 ரூபாய் 50 காசு என்று சொல்லி, நூறு ரூபாய்க்கு மீதியும் கொடுத்துவிடுகிறான். அதே பிள்ளை வகுப்பில் 2.5ஐ 35ஆல் பெருக்கு என்றால் 875 என்று எழுதிவிட்டு நிற்கிறான். இது நம் ஊர்ப் புதுமை அன்று. பிரேசில் நாட்டு ரெசிபி நகரத்தில் தெருவில் பொருள் விற்கும் சிறுவர் ஐவரை ஆராய்ந்து, மூன்று ஆய்வாளர் 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விற்பனையின்போது அச்சிறுவர் போட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாக இருந்தன. அதே எண்களை வெறுங்கணக்காகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. தேங்காய் ஒன்று 35 என்றால் பத்துக்கு என்ன என்று கேட்டதற்கு, ஒரு சிறுவன் மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, மேலும் மூன்றுக்கு 315, ஒன்று சேர்த்தால் 350 என்று கூட்டிச் சொன்னானாம். பத்தால் பெருக்கச் சுன்னம் சேர்க்கும் வழியை அவன் நாடவில்லை. ஆனால் எண்ணின் பொருள் அவன் கையில் இருந்தது. சந்தையில் இருக்கும் அந்தப் பொருளறிவைத் தாளுக்கு அழைத்து வருவதுதான் தேர்வுக்கு முன் செய்யும் வேலை. 875 என்று எழுதியவன் 'இரண்டரைக் கிலோவுக்கு 875 ரூபாயா?' என்று தன்னையே கேட்டிருந்தால் தசமப் புள்ளி அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

படிக்கும் முறை பற்றிச் சில சொற்கள். செய்துகாட்டிய கணக்கைக் கண்ணால் பார்த்துத் தலையசைப்பது படிப்பாகாது. விடையை மூடிவிட்டுத் தாளில் போடுங்கள். முடித்த பிறகே திறந்து பாருங்கள். சதவீதக் கணக்கு இருபது, பிறகு பரப்பளவுக் கணக்கு இருபது என்று அடுக்கிப் போடுவதும் போதாது. அப்படிப் போட்டால் எந்த வழி என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. தேர்வுத் தாளில் தலைப்பு இராது. ஆகவே கலந்து போடுங்கள். உதாரணமாக இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யலாம்.

ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறியது. பின்பு 20 சதவீதம் இறங்கியது. பழைய விலைக்கு வந்துவிட்டதா? இல்லை. 100 ரூபாய் 120 ஆயிற்று, 120இல் 20 சதவீதம் 24, ஆகவே 96. எதன்மேல் சதவீதம் என்று கேட்காதவர் இங்கே விழுவர். அடுத்தது, பேருந்து நிலையத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு 12 நிமிடத்துக்கு ஒரு வண்டியும் கரூருக்கு 20 நிமிடத்துக்கு ஒரு வண்டியும் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டால், மறுபடி ஒன்றாகப் புறப்படுவது எப்பொழுது? 12க்கும் 20க்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ஆகவே 7 மணிக்கு.

மூன்றாவது நிலக் கணக்கு. 66 அடிக்கு 66 அடி சதுர நிலம் 4356 சதுர அடி. சென்ட் ஒன்றுக்கு 435.6 சதுர அடி. ஆகவே அது சரியாகப் பத்து சென்ட். பக்கங்களை இருமடங்காக்கி 132க்கு 132 ஆக்கினால் எத்தனை சென்ட்? இருபது என்று வாய் முந்திக்கொள்ளும். ஒரு சதுரம் வரைந்து நடுவே குறுக்கும் நெடுக்கும் ஒவ்வொரு கோடு போடுங்கள். நான்கு கட்டம் தெரியும். நாற்பது சென்ட். நிலம் வாங்கும் பெரியவர்களே இதில் ஏமாந்ததுண்டு.

இறுதியாக ஒரு வார்த்தை: தேர்வுக்கு முந்திய இரவில் புதிய பாடத்தைத் தொடாதீர்கள். உங்கள் பழைய தேர்வுத் தாள்களை எடுத்து, சிவப்பு மை பட்ட இடங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில், இடமதிப்பு, பின்னம், வாய்பாடு, வினாவைச் சரியாகப் படிக்காமை என்று காரணத்தை எழுதி வையுங்கள். பத்துத் தாளுக்கும் சேர்த்துக் காரணங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றுக்கு ஐந்தாம் வகுப்பு நூலே போதும். அதை இரவல் வாங்க வெட்கப்பட வேண்டா. எட்டரை மணிக்கு உறங்கச் செல்லுங்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். பத்து மணிக்காவது விளக்கை அணையுங்கள்.

விடைபெறுமுன் ஒரு வினா தருகிறேன். விடை சொல்ல மாட்டேன். காலில் பாதி அரைக்கால். மூன்று மா சேர்ந்தது மும்மா. இவ்விரண்டில் எது பெரிது, எத்தனை காணி பெரிது? தாள் வேண்டா; இரண்டையும் முதலில் காணியாக்கிக்கொள்ளுங்கள்.