வாயால் கேட்டது போதும், எழுதிக் கொடுப்போம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியது)



எங்கள் டிவிஷனில் ஓர் அம்மா வேலையிலிருந்து நின்று இரண்டு வருஷமாகச் சேவைக்காலப் பணத்துக்கு ஆபீஸ் வாசலில் நின்றார். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பதுதான் எப்போதும் பதில். கடைசியில் தொழில் காரியாலயத்துக்குப் போனோம். "எப்போது கேட்டீர்கள்? எழுதிக் கொடுத்தீர்களா?" என்றார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

சட்டம் அந்த அம்மாவின் பக்கம்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருஷம் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் சேரவேண்டும். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்கவும் வேண்டும்.

அன்றிரவே லயத்தில் உட்கார்ந்து எழுதினோம். அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், செக்ரோல் நம்பர், வேலைக்குச் சேர்ந்த திகதி, நின்ற திகதி, கேட்பது என்ன. அவ்வளவுதான், ஒரு பக்கம். திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பிரதியில் ஆபீஸில் கையெழுத்தும் திகதியும் வாங்கினோம். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் கந்தோர் தரும் துண்டே சாட்சி.

அந்தப் பிரதியை வைத்துத்தான் முறைப்பாடு செய்தோம். இப்போது விசாரணைக்குத் திகதி வந்திருக்கிறது.

தமிழிலேயே எழுதுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. அரைப் பேர் போட்டாலும், ஈ.பி.எப். பெயரில் பிழை என்றாலும், அன்றைக்கே எழுதுங்கள்.

எழுத வராதவர்கள் வெட்கப்படாமல் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பள்ளிக்கூடத்தில் நான் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுப்பது பரீட்சைக்கு மட்டுமல்ல.