ஒரு புள்ளியும் மூன்று கயிறும்

 

ஏர்பேட்டில் கடல் இல்லை. சுவர்ணமுகி ஆறு உண்டு. அதிலும் பல மாதம் மணல்தான். பழவேற்காடு ஏரிப் பக்கம் போனவர்கள் பாய் கட்டிய மீன் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய பேச்சும் பாய் கட்டிய படகைப் பற்றியதுதான். ஆனால் இது மீன் பிடிக்கும் படகு அல்ல. பந்தயத்தில் ஓடும் சின்னப் படகு.

“கடல் இல்லாத ஊரில் இந்தப் பேச்சு எதற்கு?” என்று நினைக்கிறீர்களா? முதலில் ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் நேஹா தாக்கூர். மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அப்பா விவசாயி. அந்த மாநிலத்திலும் கடல் கிடையாது. போபால் நகரில் பெரிய ஏரி இருக்கிறது. அந்த நகரத்தில் உள்ள தேசியப் பாய்மரப் படகுப் பள்ளியில்தான் நேஹா பயிற்சி பெற்றார்.

2023 செப்டம்பரில் சீனாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. நேஹாவுக்கு அப்போது 17 வயது. அங்கே கடலில் படகு ஓட்டி, வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

எப்படி வாங்கினார் தெரியுமா? அவருடைய பந்தயத்தில் 11 ஓட்டங்கள். முதலில் வந்தால் 1 புள்ளி. இரண்டாவதாக வந்தால் 2 புள்ளி. இப்படிக் கூட்டிக்கொண்டே போவார்கள். மிக மோசமான ஓட்டம் ஒன்றைக் கழித்து விடுவார்கள். கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வெற்றி பெற்றவர். நேஹாவுக்கு 27 புள்ளி. வெண்கலம் வாங்கிய சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு 28 புள்ளி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

அதே போட்டியில் ஆண்களுக்கும் பந்தயம் நடந்தது. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் அதில் ஓட்டினார். இவர் ராணுவ வீரர். இவருக்கு 34 புள்ளி. கொரியா வீரருக்கு 33 புள்ளி. அவருக்கு வெள்ளி கிடைத்தது. விஷ்ணுவுக்கு வெண்கலம் கிடைத்தது. இங்கேயும் ஒரே ஒரு புள்ளிதான்.

ஒரு புள்ளி என்றால் என்ன? ஏதோ ஒரு ஓட்டத்தில் ஒரு படகு முன்னே அல்லது ஒரு படகு பின்னே. அவ்வளவுதான்.

சரி, நல்ல படகு வைத்திருப்பவர் ஜெயிப்பாரா? இல்லை. அதுதான் இந்தப் பந்தயத்தின் அழகு. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகு. பணக்காரர் பெரிய பாய் கட்ட முடியாது. ஏழை சின்னப் பாய் கட்டவும் வேண்டாம். இந்தப் படகின் பெயர் இல்கா. முன்பு இதை லேசர் என்று சொன்னார்கள். நீளம் சுமார் 14 அடி. எடை 60 கிலோவுக்குள். ஓட்டுபவர் ஒரே ஆள். நேஹா கட்டிய பாய் சுமார் 50 சதுர அடி. அது ஒரு சேலையை விடச் சிறியது! விஷ்ணுவின் பாய் சுமார் 76 சதுர அடி.

படகும் ஒன்று. பாயும் ஒன்று. அடிக்கிற காற்றும் ஒன்று. பிறகு ஏன் ஒரு படகு முந்துகிறது? ஒரு படகு பிந்துகிறது? ஓட்டுபவரின் உடல் பலம் ஒரு காரணம். எந்தப் பக்கம் போவது என்ற கணக்கு ஒரு காரணம். பாயை எப்படிக் கட்டுகிறார் என்பது இன்னொரு காரணம். அந்தக் கட்டும் வித்தையைப் பார்ப்போம்.

வீட்டில் கயிற்றுக் கட்டில் பார்த்திருக்கிறீர்கள். கயிறு தளர்ந்தால் கட்டில் தொட்டில் போலக் குழியும். இழுத்துக் கட்டினால் பலகை போல ஆகும். பாயும் அப்படித்தான். தளர்த்தினால் வயிறு வைக்கும். இழுத்தால் தட்டையாகும்.

மிதமான காற்றில் பாய்க்கு நல்ல வயிறு வேண்டும். அப்போதுதான் படகுக்குப் பலம் கிடைக்கும். பலத்த காற்றில் அதே வயிறு ஆபத்து. காற்று படகைச் சாய்த்து விடும். சாய்ந்த படகு வேகமாக ஓடாது. கவிழ்ந்தும் போகும். அப்போது பாயைத் தட்டையாக்க வேண்டும்.

இதற்கு மூன்று கயிறுகள் இருக்கின்றன.

படகின் முன்பகுதியில் நிமிர்ந்து நிற்பது பாய்மரம். தலையணைக்கு உறை போடுவது போல, பாயை அதன் மேல் மாட்டுவார்கள். பாயின் அடியில் ஒரு படுக்கைக் கம்பு இருக்கும்.

முதல் கயிறு, பாயின் பின் மூலையைப் படுக்கைக் கம்பின் நுனிக்கு இழுக்கும். இழுத்தால் பாயின் அடிவயிறு குறையும். இதை அளக்க அளவுகோல் தேவையில்லை. கை போதும். மிதமான காற்றில் கம்புக்கும் பாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுவார்கள். பலத்த காற்றில் நான்கு விரல் போதும்.

இரண்டாவது கயிறு, பாயின் முன் ஓரத்தைக் கீழே இழுக்கும். இழுத்தால் வயிறு முன்பக்கம் நகரும். பாயின் மேல்பகுதி கொஞ்சம் திறந்து கொள்ளும். அதிகமான காற்று அந்த வழியே வெளியே போய்விடும். படகு நிமிரும்.

மூன்றாவது கயிறு, படுக்கைக் கம்பையே கீழே இழுக்கும். அப்போது பாய்மரம் வில் போல வளையும். பாய் தட்டையாகும். இந்தக் கயிற்றை இழுக்க நிறைய பலம் வேண்டும். அதனால் கிணற்றில் இருப்பது போலக் கப்பிகள் வைத்திருக்கிறார்கள். இங்கே ஒன்று அல்ல, பல கப்பிகள். பாரம் பங்கு போட்டுக் கொள்ளும். சின்னப் பெண்ணும் இழுத்து விடலாம்.

எல்லாப் படகும் இப்படி இருக்காது. சில படகுகளில் பாய்மரத்தை இரண்டு பக்கமும் கம்பி போட்டு நிறுத்துவார்கள். முன்பு வீட்டுக் கூரையில் டிவி ஆன்டெனாவுக்குக் கம்பி கட்டினோமே, அது போல. ஒரு பக்கம் இறுகி, மறு பக்கம் தளர்ந்தால் மரம் கோணும். கோணல் மரத்தில் கட்டிய பாய் ஒரு பக்கம் நன்றாக ஓடும். மறு பக்கம் திரும்பினால் ஓடாது. அதனால் கருவி வைத்து இரண்டு பக்கமும் இழுவையை அளப்பார்கள். சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதியும் வருண் தக்கரும் இப்படிப்பட்ட படகை ஓட்டியவர்கள். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்கள்.

இப்போது ஒரு கேள்வி. காற்று கண்ணுக்குத் தெரியாது. பாய் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பாயின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன நூல் ஒட்டியிருப்பார்கள். இரண்டு பக்க நூலும் பின்னால் நேராகப் பறந்தால் பாய் சரி. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் பாய் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இழுக்க வேண்டும். மறு பக்கத்து நூல் துள்ளினால் பாய் அதிகம் இறுகியிருக்கிறது. தளர்த்த வேண்டும். படகு ஓட்டுபவர் அந்த நூலைப் படித்துக்கொண்டே இருக்கிறார்.

நீரையும் படிக்கிறார். தூரத்தில் நீர் கறுத்துச் சிலிர்த்தால், அங்கே பலத்த காற்று வருகிறது என்று தெரிந்து கொள்கிறார். காற்று வந்து அடித்த பிறகு கயிற்றைத் தேடுபவர் பிந்தி விடுவார். வரும் முன்பே இழுத்து வைத்தவர் முந்துவார். ஒரு புள்ளி அங்கேதான் கிடைக்கிறது. அங்கேதான் போகிறது.

தாய்மார்களே! இந்த வித்தை உங்களுக்குப் புதிதல்ல. களத்தில் நெல் தூற்றும்போது முதலில் என்ன செய்வீர்கள்? ஒரு பிடி அள்ளி விட்டுப் பார்ப்பீர்கள். பதர் எந்தப் பக்கம் பறக்கிறது என்று கவனிப்பீர்கள். காற்று மாறினால் நிற்கும் இடத்தை மாற்றுவீர்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? பதரைப் பார்த்துக் காற்றைப் படித்தவர்கள் நீங்கள். நேஹா நூலைப் பார்த்துப் படித்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் மொழியில் நூல் என்றால் இழை. நூல் என்றால் புத்தகமும்தான். கடல் இல்லாத ஊரில் பிறந்த விவசாயி மகள் ஒரு நூலைப் படிக்கக் கற்றுக்கொண்டார். கடலில் வெள்ளி வாங்கினார். நீங்கள் இன்னொரு நூலைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். சில நாள் எழுத்து பிடிபடாது. கண் வலிக்கும். கை தளரும். அப்போது விட்டுவிடாதீர்கள். நாளை ஒரு எழுத்து கூடப் படியுங்கள். ஒரு புள்ளி சின்னதல்ல.

நாளை வகுப்புக்கு வரும்போது வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்களிடம் நேஹாவின் கதையை நீங்களே சொல்லுங்கள்.