விலை டப்பாவுக்கா, சுவருக்கா?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மார்கழி மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தை பிறக்கப் போகுது. குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டினால் இந்த மாதம் உள்கடன் கேட்டவங்களில் பல பேர் எழுதியிருக்கிற காரணம் ஒன்றுதான்: ‘வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க.’ சிலருக்குப் பொங்கல். சிலருக்குப் பிள்ளைக்குச் சடங்கு. சிலர் வீட்டுக்குப் பெண் பார்க்க வர்றாங்க. வீடு பளிச்சென்று இருக்கணும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

நான் கேட்பது வேறு. கடன் உங்கள் பேரில். கையெழுத்து உங்களுடையது. மாதாமாதம் தவணை கட்டுவதும் நீங்கள்தான். ஆனால் எந்தப் பெயின்ட் வாங்குவது என்று முடிவு பண்ணுவது யார்? பெயின்டர் ஒன்று சொல்றார், கடைக்காரர் ஒன்று சொல்றார், வீட்டுக்காரர் தலையாட்டிட்டு வர்றார். நமக்கு ரசீது மட்டும்தான் வருது. சில சமயம் அதுவும் வர்றதில்லை. அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

விலை குறைந்ததா, விலை கூடியதா?

பெயின்டில் முக்கியமாக நான்கு பொருள் இருக்கு. நிறத்தையும் மறைப்பையும் தரும் பொடி, அதைச் சுவரில் பிடித்து வைக்கிற பசை, அளவைக் கூட்டுவதற்குச் சேர்க்கிற சுண்ணப்பொடி மாதிரியான மாவு, பிறகு தண்ணீர். விலை குறைந்த பெயின்டில் பொடியும் பசையும் குறைவு, மாவு அதிகம். பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டின சாம்பார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. சாம்பார்தான், ஆனால் சோற்றில் ஒட்டாது. விலை கூடிய பெயின்டில் பசை அதிகம் என்பதால் ஈரத்துணியால் துடைத்தாலும் நிறம் கையோடு வராது.

இதில் நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி என்கிற பேச்சே இல்லை. ஒரே கம்பெனியே மூன்று தரத்தில் விற்கிறது. ஏசியன் பெயின்ட்ஸ் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்க. உள்சுவருக்கு டிராக்டர் எமல்ஷன், அதற்கு மேலே பிரீமியம் எமல்ஷன், அதற்கும் மேலே ராயல். அதனால் ‘கம்பெனி பெயின்ட்தான் வாங்கினேன்’ என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தத் தரம் என்று கேட்கணும்.

இன்னொன்றும் கவனிக்கணும். டிஸ்டெம்பர் கிலோ கணக்கில் விற்கும், எமல்ஷன் லிட்டர் கணக்கில் விற்கும். ஒரு லிட்டர் பெயின்ட் ஒன்றேகால் கிலோவுக்கு மேலேயே எடை இருக்கும். ஆகவே 20 கிலோ வாளியும் 20 லிட்டர் வாளியும் ஒன்றில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து விலை பார்த்தால் ஏமாந்து போவோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

10 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்த்து 400 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 50 கழித்தால் 350. இப்போது நான் சொல்கிற விலை எல்லாம் கணக்குக்காகத்தான். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்க.

விலை குறைந்தது லிட்டர் 160 ரூபாய், இரண்டு கோட்டுக்கு 5 லிட்டர் என்றால் 800 ரூபாய். விலை கூடியது லிட்டர் 350 ரூபாய். அது கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும், 4 லிட்டர் போதும் என்றால் 1,400 ரூபாய். சுரண்ட, உப்புத்தாள், பிரைமர் எல்லாம் 800 ரூபாய். அது இரண்டுக்கும் ஒன்றுதான். ஆள்கூலி 3 ஆளுக்கு 900 வீதம் 2,700 ரூபாய். அதுவும் இரண்டுக்கும் ஒன்றுதான். மலிவான பெயின்ட் அடிக்கிறேன் என்று பெயின்டர் கூலியைக் குறைக்க மாட்டார்.

கூட்டிப் பாருங்க. ஒன்று 4,300 ரூபாய், மற்றது 4,900 ரூபாய். கடையில் டப்பாவைப் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். சுவரில் பார்த்தால் 600 ரூபாய்தான் வித்தியாசம். முதலாவது 2 வருடம், இரண்டாவது 4 வருடம் நின்றது என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒன்று 2,150 ரூபாய், மற்றது 1,225 ரூபாய். இதில் எது மலிவு?

நம் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால், அந்த 600 ரூபாய்க்கு 10 மாதத்தில் அதிகபட்சம் 60 ரூபாய் வட்டி வரும். அதையே வெளியில் நூற்றுக்கு 10 ரூபாய்க் கந்துவட்டிக்கு வாங்கினால் வட்டியே 600. அப்போது மிச்சமாகிற பணம் எல்லாம் கந்துவட்டிக்காரர் கைக்குத்தான் போகும். ஆகவே நல்ல பெயின்டும் நம் கைக்கு எட்டுகிற கடனில் வந்தால்தான் நல்லது.

விலை கூடியது எங்கே வீண்?

உடனே எல்லோரும் ராயலுக்குப் போயிடாதீங்க. பெயின்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுவர் எப்படி இருக்கோ அப்படித்தான் நிற்கும்.

முதலில் ஓதம். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிருதா? அங்கே எந்தப் பெயின்டும் நிற்காது. சந்தேகமாக இருந்தால், ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க. உள்பக்கம் நீர் கோர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த சுவர் மார்கழியில் காய்ந்திருக்காது. பொங்கலுக்கு உள்சுவரை மட்டும் பாருங்க. வெளிச்சுவரை மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்க. இப்போதே அடித்துத்தான் ஆகணும் என்றால் பனி விலகி வெயில் ஏறின பிறகு ஆரம்பித்து, மாலைப் பனி இறங்குவதற்குள் காய விடணும்.

இரண்டாவது, புதுப் பூச்சு. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்டுறவங்க நம்மிடமும் இருக்காங்க. பூச்சு வேலை முடிந்ததும் கிரகப்பிரவேசத்துக்குப் பெயின்ட் அடிக்க அவசரம். சிமென்ட் பூச்சு குறைந்தது 4 வாரம் காயணும். நாள் குறித்தாச்சு என்றால் இப்போதைக்குச் சுண்ணாம்பு அடித்து விழாவை முடியுங்க. பிறகு அதைச் சுரண்டிவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம்.

மூன்றாவது, மண்சுவர். அதற்குச் சுண்ணாம்புதான் சரி. உள்ளே இருக்கிற ஈரத்தை அது வெளியே விடும். பிளாஸ்டிக் மாதிரி படிகிற எமல்ஷன் ஈரத்தை உள்ளேயே அடைத்து, தோல் தோலாக உரியும். சுண்ணாம்பு அடிப்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். ஆனால் நீற்றும்போது கவனம். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க.

நான்காவது, பழைய சுண்ணாம்புச் சுவர். கையால் தேய்த்தால் வெள்ளை ஒட்டுதா? அதன் மேல் 350 ரூபாய் பெயின்டை அடித்தால் சுண்ணாம்போடு சேர்ந்து அதுவும் உரிந்து வரும். சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான் பெயின்ட். கையில் பணம் குறைவு என்றால் பெயின்டின் தரத்தைக் குறையுங்க. சுரண்டுகிற கூலியைக் குறைக்காதீங்க.

கரடுமுரடான சுவரில் பளபளப்புப் பெயின்டும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் மேடு பள்ளம் எல்லாம் எடுத்துக் காட்டும்.

அப்படியென்றால் வீடு முழுக்க ஒரே பெயின்ட் எதற்கு? அடுப்படி, பிள்ளைகள் சாய்கிற கூடத்துச் சுவர், மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவர், இந்த மூன்றுக்கும் நல்லது. வெளிச்சுவருக்கு வெளிச்சுவர்ப் பெயின்டையே கேட்டு வாங்கணும். கூரையின் உள்பக்கம், படுக்கிற அறை, சாமான் அறைக்கு விலை குறைந்தது. மாட்டுக்கொட்டகைக்குச் சுண்ணாம்பு. இது போதும்.

கடையிலும் வேலை நடக்கும் இடத்திலும்

சில கம்பெனிகள் பெயின்டருக்கென்று டப்பாவோடு டோக்கன், பாயின்ட் எல்லாம் வைக்கிறாங்க. பெயின்டர் ஒரு பேரையே திரும்பத் திரும்பச் சொன்னால் அது சுவருக்காகவா, டோக்கனுக்காகவா என்று யோசிங்க. அவர் வேலையை மதிப்போம். வாங்குகிற முடிவு மட்டும் நம்மிடம் இருக்கட்டும். சீல் உடையாத டப்பாவா, தயாரித்த தேதி என்ன என்று பார்த்து, ரசீதோடு வாங்குங்க. எவ்வளவு தண்ணீர் கலக்கணும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். ஒரு அளவுச் சொம்பைப் பெயின்டர் கையில் கொடுங்க. தண்ணீர் கூடினால் நீங்க வாங்கின நல்ல பெயின்டும் மலிவுப் பெயின்ட் ஆயிடும். ஒரே தெருவில் மூன்று நான்கு உறுப்பினர்கள் சேர்ந்து பெரிய வாளியாக வாங்கினால் லிட்டருக்கு விலை பெரும்பாலும் குறையும்.

கடைசியாக ஒன்று, இது பிள்ளைகள் உடம்பு சம்பந்தப்பட்டது. கதவு, ஜன்னலுக்கு அடிக்கிற பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆக்கியிருக்கு. டப்பாவில் அது எழுதியிருக்கா என்று பாருங்க. எழுதாத எனாமல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பழைய கதவைக் காய்ந்தபடியே தேய்க்க விடாதீங்க, தூசி பறக்கும். நனைத்துத் தேய்க்கணும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. உதிர்ந்ததைக் கூட்டாமல் ஈரத்துணியால் எடுங்க.

குழுவில் என்ன செய்யலாம்?

பெயின்ட் கடன் கேட்கிற உறுப்பினர் மூன்று வரி எழுதிக் கொண்டுவரட்டும்: எத்தனை சதுர அடி, எந்தச் சுவருக்கு எந்தப் பெயின்ட், கூலி எவ்வளவு. கூட்டத்தில் வாசித்துப் பார்த்துக் கடன் கொடுங்க. குழுப் பணம் குறைவாக இருக்கிற மாதத்தில், கல்லூரிக் கட்டணமும் ஆடு வாங்குகிற கடனும் காத்திருக்கும்போது பெயின்ட் ஒரு வருடம் தள்ளிப்போகலாம். சுண்ணாம்பு அடித்த வீட்டிலும் பொங்கல் பொங்கத்தான் செய்யும். வருகிற விருந்தாளி சுவரை ஒரு நாள் பார்ப்பாங்க. தவணையை நாம் பத்து மாதம் பார்க்கணும்.

கணக்கு வழக்கு, வங்கி நடைமுறை எல்லாம் நீங்க ஏற்கெனவே கற்றுக்கொண்டவங்க. பெயின்ட் கடைக்கும் அதே கணக்கோடு நீங்களே போங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊர்க் கடை விலையை எழுதிக்கொண்டு வாங்க, சேர்ந்து கணக்குப் போடலாம்.

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.